நிறைமாதப் பிள்ளை என்று சொன்னோம்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் இருபத்தாறு வருடமாகப் பேர் வெட்டுகிறேன். வாங்குகிறவர்கள் சீட்டில் எழுதித் தருவதைக் குடத்திலும் தட்டிலும் மெஷினால் பொறிப்பதுதான் எனக்குத் தெரிந்த எழுத்து வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பந்தியில் ஓர் இலை காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், உட்காரலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டு அடுத்த பந்தி வரை நின்றுகொண்டிருப்பவன் நான். அப்படிப்பட்டவன் டாக்டர், ஆபரேஷன், மயக்க மருந்து என்றெல்லாம் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை. பேசித் தீர்க்கத் தெரியாததால் எழுதுகிறேன்.

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத்தான் பிள்ளை உண்டானது. அவளைக் கொடுத்த இடம் சாக்கோட்டை. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா. இன்றைக்கும் அந்த வீட்டில் அந்த அக்கா வைத்ததுதான் சட்டம். நானும் தங்கையும் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளைக்காகத் திருக்கோஷ்டியூரிலிருந்து விளக்கு எடுத்துவந்து வைத்துக் கும்பிட்டவரும் அவர்தான். அவருக்கு அந்தப் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பாசத்தோடு செய்தார் என்பதுதான் இதில் எனக்கு ஆறாத விஷயம்.

பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். தங்கைக்கு ரத்த அழுத்தம் எகிறி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தான். என் உள்ளங்கையை விரித்தால் அவன் முதுகுக்குப் போதும். மூச்சுக்குழாயில் டியூப் போட்டு மெஷினில் வைத்தார்கள். நடுவில் இரண்டு தடவை டியூபை எடுத்துப் பார்த்தார்கள். மூச்சு வாங்கியதால் மறுபடியும் போட்டார்கள். மொத்தம் பதினெட்டு நாள் டியூபோடு கிடந்தான். பத்து வாரம் கழித்து இரண்டரைக் கிலோவில் வீட்டுக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது அங்கிருந்த நர்ஸ் தங்கையையும் என்னையும் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்: "இது டியூப் பட்ட தொண்டை. பின்னாடி எதுக்காவது மயக்க மருந்து கொடுக்கணும்னா, எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் முதல்ல இதைச் சொல்லணும். மறந்துடாதீங்க." இருவரும் தலையாட்டினோம்.

அந்தப் பத்து வாரமும் தங்கை மதுரையிலேயே இருந்ததால், சாக்கோட்டையில் ஒரு சனத்துக்கும் பிள்ளை பிறந்தது தெரியாது. வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் மதினி தெருவுக்குச் சர்க்கரை வழங்கினார். கேட்டவர்களிடமெல்லாம், "முந்தாநாத்து பெறந்தான், நெறமாசம்" என்றார். கணக்கும் ஒத்து வந்தது. தங்கை உண்டாகிப் பத்து மாதம் ஆவதும் அவன் வீட்டுக்கு வருவதும் ஒன்றாக அமைந்துவிட்டன. இரண்டரைக் கிலோப் பிள்ளையைப் பார்த்து யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இது ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்தில் ஏழு மாதத்தில் பிறந்தவன் என்பது வசவு. எங்கள் கடைக்கு எதிரே லாரி புக்கிங் ஆபீஸில் ஒருவர் இருக்கிறார். பேரன் எடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் இன்றைக்கும் அவரை "ஏழு மாசம், டீ குடிக்க வாரியா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போகிறார். பிறந்த நாளில் செத்துப் பிழைத்த ஒருவனுக்கு ஊர் கொடுக்கிற பட்டம் அது. அதற்குப் பயந்து மதினி ஒரு பொய் சொன்னார் என்றால், பொய் சொன்ன வாய்க்கு முன்னால் பட்டம் கொடுத்த வாய்களைத்தான் நான் திட்டுவேன்.

ஆனால் அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க எங்கள் கடையில்தான் எவர்சில்வர் கிண்ணம் எடுத்தார்கள். மதினி தந்த சீட்டில், பிறந்த தேதி என்று, வீட்டுக்கு வந்ததற்கு இரண்டு நாள் முந்தைய தேதி இருந்தது.

"தேதி மாறியிருக்கே மதினி" என்றேன்.

"சீட்டுல உள்ளத வெட்டுங்க தம்பி. தேதியா புள்ளைக்குப் பாலு குடுக்கப் போவுது?"

வெட்டினேன். ஒவ்வொரு கிண்ணத்திலும் வெட்டினேன்.

வீட்டுக்கு வந்த ஏழாவது வாரம், பிள்ளைக்குத் தொடை இடுக்கில் ஒரு புடைப்பு தெரிந்தது. அழுதால் எலுமிச்சம்பழம் போல வெளியே வரும். தூங்கினால் உள்ளே போய்விடும். ஒருநாள் காலையில் அது உள்ளே போகவில்லை. பிள்ளை பால் குடிக்காமல் வீறிட்டான். குழந்தை டாக்டர் மெதுவாக அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு, "குடலிறக்கம். இன்னொரு தடவை மாட்டுச்சுன்னா குடல் கெட்டுப்போகும். ரெண்டு நாளைக்குள்ள ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று காரைக்குடியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஆபரேஷன் டாக்டர் பார்த்துவிட்டு, "சின்ன ஆபரேஷன்தான். அரை மணி நேரம்" என்றார். மதினி அவருக்கு ஒரு தட்டு நிறையப் பழம் வைத்துக் கொடுத்தார்.

அந்தச் "சின்ன" என்ற சொல்லை ஆஸ்பத்திரிகளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். கத்தி போடுவது சின்னதாக இருக்கலாம். அதற்குமுன் பிள்ளையைத் தூங்க வைப்பதும், அதற்குப்பின் அவன் தானாக மூச்சு விடுவதும் சின்னதா? அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அதைப் பார்ப்பதற்கென்று ஒரு டாக்டர் மத்தியானம் வந்தார். ஐம்பது வயதுப் பெண். வேறு ஆஸ்பத்திரியில் வேலையை முடித்துவிட்டு, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மயக்கம் கொடுக்கும் டாக்டர் என்று நர்ஸ் சொன்னார். அவருக்கு உட்கார நாற்காலிகூட நாங்கள் நகர்த்திப் போடவில்லை. அவர் நின்றபடியே கேட்டார்.

"எந்த மாசத்துல பிறந்தான்?"

"நெறமாசங்க டாக்டரம்மா. இன்னைக்கு ஏழு வாரம்" என்றார் மதினி.

"பிறந்த எடை?"

"ரெண்டரை."

"கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்களா?"

"எதுக்கும்மா? பெறந்ததும் இவன் போட்ட சத்தத்துல ஆஸ்பத்திரியே முழிச்சிருச்சு."

அப்போது பிள்ளை அழுதான். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் அவன் தொண்டையில் கீச்சென்று ஒரு சத்தம் வரும். துரு ஏறிய கதவைத் திறக்கிற மாதிரி. நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். டாக்டர் குனிந்து அவன் வாயருகே காதை வைத்தார்.

"இந்தச் சத்தம் எத்தனை நாளா இருக்கு?"

"சளிங்க. இவ ராத்திரி ஃபேனப் போட்டுக்கிட்டுப் படுக்குறா, சொன்னாக் கேக்குறதில்ல."

"நெஞ்சு சுத்தமா இருக்கே. சளி இல்லையே."

டாக்டர் தங்கையைப் பார்த்தார். அவள் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"பிறந்த ஆஸ்பத்திரியில கொடுத்த பேப்பர் எங்க?"

"பீரோவுல இருக்கும்மா. சாவி தம்பிகிட்ட இருக்கு."

"தம்பி எங்க?"

"சிங்கப்பூருல."

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. பிறகு அவர் விளக்கினார்: முழுக்கத் தூங்க வைத்துத் தொண்டையில் டியூப் போட்டுச் செய்வது ஒரு வழி, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்து, பிள்ளை விழித்திருக்கும்போதே செய்வது இன்னொரு வழி. நிறைமாதப் பிள்ளை, வேறு தொந்தரவு இல்லை என்றால் முதல் வழியே போதும் என்றார்.

"முதுகுல ஊசிங்கிற பேச்சே வேணாம்மா" என்று மதினி எழுந்துவிட்டார். "இந்தா நிக்கிறாளே, இவளுக்குப் பிரசவத்துல போட்டாக. இன்னைக்கு வரைக்கும் ஒரு கொடத் தண்ணி தூக்க முடியல. பச்சப்புள்ளைக்கு அதப் போட்டா நாளைக்குக் காலு எந்திரிக்குமா? நீங்க பேசாம நல்லாத் தூங்க வச்சிருங்க."

"இடுப்பு வலிக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமில்லம்மா."

"நீங்க அப்பிடித்தான் சொல்லுவீக."

நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். நாலு பக்கம், ஒரு வரி தமிழ் இல்லை. "இங்க, இங்க, இங்க" என்று விரலை வைத்தார். எந்தக் குழாய், எந்த மருந்து, என்ன நடக்கலாம் என்று எல்லாம் அதில் இருந்திருக்கும். ஒரு பாத்திரத்தில் பேர் வெட்டக்கூட நான் ஆளிடம் சீட்டைப் படித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்கிறேன். இங்கே ஓர் உயிரை ஒப்படைக்கும் காகிதத்தைப் பெற்றவளால் படிக்க முடியாது. அதைப் பற்றி யாருக்கும் வெட்கமும் இல்லை. தங்கை பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னாலேயே போனேன். கீழே ஸ்கூட்டரில் ஏறி ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன். வந்த வார்த்தை இதுதான்.

"ஏழு மாசம்."

"என்னங்க?"

"புள்ள ஏழு மாசம். பதினெட்டு நாள் டியூப்பு. ரெண்டு தடவ எடுத்துட்டு மறுபடி போட்டாக. நாலு மாசம் ஆச்சு, ஏழு வாரம் இல்ல."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நீங்க யாரு?"

"தாய்மாமன்."

"மேல அங்கதான நின்னீங்க? நான் ஒண்ணொண்ணாக் கேட்டப்ப வாய் எங்க போச்சு?"

  நான் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு மறுபடியும் மாடி ஏறினார். இந்த முறை நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்களுக்குப் புரிகிற மாதிரி பேசினார்.

பல நாள் டியூப் கிடந்த இடம் உள்ளே தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம் என்றார். இளநீர் குடிக்கிற ஸ்ட்ரா அளவு இருக்க வேண்டிய வழி, அதில் பாதியாக இருக்கலாம். அந்தச் சத்தம் அதனால்கூட இருக்கலாம். நாளைக்குத் தூங்க வைத்துவிட்டு, வயதுக்குத் தக்க டியூபைப் போடப் போனால் அது இறங்காது. எப்படியோ போட்டாலும், எடுத்தபிறகு உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். அதோடு, இப்படி முன்னாலேயே பிறந்த பிள்ளைகள் மயக்க மருந்து பட்டால் ஒரு நாள் வரைக்கும் தூக்கத்தில் மூச்சு விட மறந்துவிடுவார்கள். பக்கத்தில் மெஷினும் ஆளும் இருந்து கவனிக்க வேண்டும்.

"முதுகுல ஊசிதான் இவனுக்கு நல்லது. தூங்க வைக்கவே வேண்டாம், தொண்டைப் பக்கமே போக வேண்டாம். ஆனா அது சில நேரம் சரியாப் பிடிக்காது. அப்ப எப்படியும் டியூப் போட்டாகணும். அதுக்குத் தொண்டை டாக்டரும், சின்னப் பிள்ளைகளைக் கவனிக்கிற ஐசியூவும் பக்கத்துல வேணும். இங்க இல்லை. பிறந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டு போங்க. நான் பேசி வைக்கிறேன்."

மதினி என் பக்கம் திரும்பினார். "ஊம மாதிரி இருந்துக்கிட்டு இம்புட்டு வேலையா பாக்குறீக தம்பி? கிண்ணத்துல தேதி வெட்டுனது யாரு? நீங்கதான? அப்ப கை வலிக்கலையாக்கும்?"

வலிக்கவில்லை என்பதுதான் உண்மை. 

"முழிச்சிருக்கையிலயே புள்ளைய அறுக்குறதுன்னு இவுக சொல்றாக, நீங்க கேட்டுக்கிட்டு நிக்கிறீக. தாய்மாமன் மடியில வச்சுக் காது குத்துறதுக்குத்தான் இருக்கீக, அறுக்கக் குடுக்குறதுக்கு இல்ல."

இதற்குள் ஆபரேஷன் டாக்டர் வந்துவிட்டார். "என்ன மேடம், இதுக்குப்போய் மதுரையா? அரை மணி நேர வேலை" என்றார்.

"உங்க வேலை அரை மணி நேரம் சார். அவன் மூச்சு என் வேலை. அது நாளன்னிக்குக் காலை வரைக்கும் இருக்கு."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். மதினி மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டு என் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை ஏதோ ஒரு கட்டட வேலையிடத்தில், பின்னால் இரும்புச் சத்தத்தோடு நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா சொல்றபடி செய்ங்க மச்சான். எனக்கு இங்க ஒண்ணும் புரியல" என்றார். புரியவில்லை என்கிறவர் எதற்கு முடிவு சொல்ல வேண்டும்? அந்த போனை ஜன்னல் வழியாக எறிய வேண்டும்போல் இருந்தது. எறியவில்லை, மதினியிடமே கொடுத்தேன்.

அப்போது தங்கை தன் போனை எடுத்து எதையோ தேடி, டாக்டரிடம் நீட்டினாள். மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த பேப்பர். மூன்று பக்கமும் போட்டோவாக இருந்தது. பீரோவுக்குள் போவதற்கு முன்னால் எடுத்து வைத்திருக்கிறாள். டாக்டர் விரலால் பெரிதாக்கிப் படித்தார்.

"இதை ஏம்மா முதல்லயே காட்டல?"

தங்கை என்னைப் பார்த்தாள். "அண்ணே சொல்லுவாகன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் அவள் சொல்லுவாள் என்று நினைத்திருந்தேன். நர்ஸ் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிய இரண்டு பேரும், ஒரே அறையில், பிள்ளைக்கு இரண்டடி தூரத்தில், அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். மதினிமேல் வந்த கோபம் எங்கள்மேல் வந்ததில் பாதிகூட இல்லை. மதினிக்காவது அந்த நர்ஸ் சொன்னது தெரியாது. நாங்கள் அதை அவரிடமும் சொல்லவில்லை.

"மதுரைக்கே போறோம் டாக்டர். முதுகுலயே ஊசி போடச் சொல்லுங்க" என்றாள் தங்கை.

"ஒன் இடுப்பு படுறது போதாதா?" என்றார் மதினி.

"என் இடுப்பு வலிச்சா நான் படுத்துக்குறேன் மதினி. இவனுக்கு மூச்சு நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

 மதினி பிள்ளையின் துணிகளைக் கூடையில் அடுக்கத் தொடங்கினார். ஆம்புலன்ஸில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அவர்தான். கிளம்பும்போது டாக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கும்பிட்டேன். அவர் மதுரைக்குப் போனில் பேசிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. ஆபரேஷன் டாக்டருக்குக் கொடுத்த பழத்தில் ஓர் ஆரஞ்சைக்கூட நாங்கள் அந்த அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.

மதுரையில் மறுநாள் காலையிலேயே எடுத்துக்கொண்டார்கள். அங்கே மயக்க டாக்டர் ஓர் இளைஞர். ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால் போடுவதற்கு, வழக்கமானதைவிட மெல்லிய டியூபைத் தயாராக வைத்திருப்பதாகச் சொன்னார். தொண்டை டாக்டரும் உள்ளே நிற்பார் என்றார். அவர் நீட்டிய படிவம் தமிழில் இருந்தது. அதைத் தங்கை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அதுவரை அவரும் அவசரப்படுத்தாமல் நின்றார். அவளால் படிக்க முடியாது என்று காரைக்குடியில் நான் நினைத்ததற்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், தன் பேத்திக்காக வந்தவர், பேச்சுக் கொடுத்தார்.

"புள்ளைக்கு எத்தன மாசம்?"

"ரெண்டு மாசந்தான். நெறமாசத்துல பெறந்தவன், என்ன நேரமோ இப்பிடி" என்றார் மதினி.

என்னால் நம்ப முடியவில்லை. உள்ளே பிள்ளையின் முதுகில் ஊசி ஏறுகிறது. இங்கே, ஆயுளில் மறுபடி பார்க்கப் போகாத ஒரு மனுஷியிடம் அதே பொய்.

"நாலு மாசம்" என்றேன். சத்தம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்களும் திரும்பினார்கள். "ஏழாம் மாசத்துல பெறந்தவன். டியூப்பு போட்டுப் பொழைச்சவன்."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்குட்டுத் திரும்பிக்கொண்டார். மேலூர் அம்மா, "அட, எங்க புள்ளையும் எட்டு மாசத்துல பெறந்தவதானப்பா" என்றார். 

ஐம்பது நிமிடம் கழித்துக் கொண்டுவந்தார்கள். ஊசி முதல் தடவையிலேயே பிடித்துவிட்டதாம். குத்தும்போது மட்டும் அழுதானாம். பிறகு சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சப்பிக்கொண்டு, மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே கிடந்தானாம். தூங்க வைக்கவும் இல்லை. தொண்டையில் எதையும் விடவும் இல்லை. எங்களைத் தாண்டிப் போகும்போது கண் திறந்திருந்தது. கால் இரண்டும் துவண்டு கிடந்தன. மதினி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் வலது கால் அசைந்தது, பிறகு இடது. மூச்சைக் கவனிக்கும் மெஷினில் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும் என்று ஐசியூவுக்கு எடுத்துப் போனார்கள்.

மறுநாள் காலை நர்ஸ் வந்து, இரண்டு முறை மூச்சு நின்றதாகவும், உள்ளங்காலைத் தட்டியதும் மறுபடி விட்டதாகவும் சொன்னார். எட்டு மணிக்குப் பால் குடித்தான். தொண்டையைக் குழாய் விட்டுப் பார்ப்பதற்கு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். நான் பதினோரு மணி பஸ்ஸில் காரைக்குடிக்குத் திரும்பிக் கடைக்குப் போனேன்.